கட்டத்துக்குள் ஒரு மைனஸ்

இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ப்ளஸ் டூ படித்தேன். கெமிஸ்ட்ரியில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கினால் ஃபீஸ் இல்லாமல் சீட் தருவதாக ஒரு காலேஜில் சொல்லியிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் மேலே படிப்பு கிடையாது என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார்.

எங்கள் கெமிஸ்ட்ரி சாருக்கு ஒரு பழக்கம். கணக்கை முழுக்கப் போட்டு, விடையைச் சுற்றிக் கட்டம் கட்ட வேண்டும். அவர் கட்டத்தை மட்டும்தான் பார்ப்பார். தன் நோட்ஸோடு ஒத்துப்போனால் மார்க், இல்லையென்றால் சுழி.

ரிவிஷன் டெஸ்டில், யூரியா கரைத்த தண்ணீர் எத்தனை டிகிரியில் உறையும் என்று கேட்டிருந்தார். வெறும் தண்ணீர் பூஜ்யத்தில் உறையும். எதையாவது கரைத்தால் அதற்கும் கீழே இறங்கும். இறங்கியது 0.93. அப்படியென்றால் மைனஸ் 0.93தானே? எழுதினேன். சுழி! மற்ற எல்லாரும் நோட்ஸில் இருந்தபடி மைனஸ் இல்லாமல் எழுதி மார்க் வாங்கியிருந்தார்கள்.

பேப்பரைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டேன். உறைநிலைத் தாழ்வு என்றாலே குறைவுதான், அதற்கு மேல் மைனஸ் எதற்கு என்றார். எவ்வளவு இறங்கியது என்பது வேறு, எங்கே போய் நின்றது என்பது வேறு என்றேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஸ்டேஷன் வாசல் குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பைக் கொட்டுவதே அது பூஜ்யத்துக்கும் கீழே போகத்தான், உங்கள் விடைப்படி உப்புத் தண்ணீர் வெறும் தண்ணீருக்கு முன்னாலேயே உறைந்துவிடுமே என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"பப்ளிக்ல உன் பேப்பரை குல்ஃபிக்காரனா திருத்தப் போறான்?" என்றார்.

வகுப்பே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவரெல்லாம் ஒரு வாத்தியாரா என்று செம்பாக்கத்து வீடு வரைக்கும் சைக்கிளில் திட்டிக்கொண்டே போனேன்.

பப்ளிக் பரீட்சையில் அதே மாதிரி கணக்கு வந்தது. மைனஸ் போட்டேன், கட்டமும் கட்டினேன். அப்புறம்தான் சந்தேகம் வந்தது. திருத்துகிறவரும் இவரை மாதிரியே இருந்து தொலைத்தால்? மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அந்தச் சின்னக் கோட்டை பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன்.

நூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது. அந்தக் கணக்குக்கு இருந்த இரண்டு மார்க்தான் போயிருந்தது. ஜூனில் டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்ந்தேன்.

சார் மேல் இருக்கும் ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஆனால் பிளேடைப் பிடித்திருந்தது அவர் கை இல்லையே. சரியான விடை என்று தெரிந்தே நான்தான் சுரண்டினேன்.