ஆட்லறிக் கட்சி

சண்டை பாப்பாமோட்டைப் பக்கம் நெருங்கிய நாட்களில் வயல் வேலை நின்றுபோனது. கையில் வேலையில்லாத சின்ன மாமா, செல்லுக்குப் பயந்து வெட்டிய பங்கர் குழிக்குள் குந்தியிருந்தபடியே பெரிய ஆயுத ஆராய்ச்சிக்காரர் ஆகிவிட்டார். அவரோடு மல்லுக்கட்ட அங்கே ஆள் நான் ஒருத்திதான். எனக்குப் பத்து வயது, வாய் மட்டும் காது வரை.

மாமா மல்ரிபரல் கட்சி. ஒரு லொறியில் அடுக்கிய குழாய்களிலிருந்து ரொக்கெற்றுகளை ஒரே மூச்சில் கொட்டலாம், எதிராளி திருப்பி அடிப்பதற்குள் லொறியை எடுத்துக்கொண்டு ஓடியும் விடலாம் என்பார். நான் ஆட்லறிக் கட்சி, அதாவது பீரங்கிப் பக்கம். ரொக்கெற்றுக்கு விலை கூட, கண்டபடி சிதறும், கொட்டி முடிந்தால் திரும்ப அடுக்குவதற்குள் அம்மா சோறே வடித்துவிடுவார். ஆட்லறி அப்படியா? அதன் குண்டான செல் மலிவு. ஒன்று தள்ளி விழுந்தால் அடுத்ததைத் திருத்தி அடிக்கலாம். இதெல்லாம் வானொலி கேட்டு மாமாவே சொன்னவைதான். அவற்றை அவர் பக்கமே திருப்பிவிடுவதில் எனக்கு அப்படியொரு சந்தோசம்.

“ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ. அது எங்கட தலையிலயெல்லோ விழுறது!” என்று அம்மா கத்துவார்.

ஒருநாள் மாடு அவிழ்க்கப் போன பெரியப்பா வயல் வரம்பிலேயே செல் பட்டு இறந்துபோனார். செத்த வீட்டில் ஆண்கள் ஒரு மூலையில் நின்று, எதால் அடித்திருப்பான் என்று மெல்லக் கதைத்தார்கள். மல்ரிதான் என்றார் மாமா. எனக்குப் பொறுக்கவில்லை.

“இல்லை, ஆட்லறி. ஒண்டுதானே விழுந்தது. ஒராளுக்குப் போய் மல்ரி அடிக்கமாட்டாங்கள், நட்டம்” என்றேன், வீடு முழுக்கக் கேட்க.

அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளலில் உயிர் போனது. ஆனால் பெரியம்மா ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை, ஆட்லறி எண்டால் வாறது கேக்குமோ?”

“ஓம் பெரியம்மா. முதல்ல தூரத்தில குத்துற சத்தம் கேக்கும். பிறகு கூவிக்கொண்டு வரும்.”

“வெளியில நிக்கிற ஆளுக்கும்?”

“வெளியில எண்டால் இன்னும் வடிவாக் கேக்கும்.”

பெரியம்மா கையை விட்டார். அதற்குப் பிறகு அவர் அழவில்லை. என் பேச்சில்தான் ஆறுதல் அடைந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, மாமாவை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தேன்.

சீ, என்ன பிள்ளை நான்! இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எந்தப் பீரங்கி, என்ன விலை என்பதெல்லாம் பெரியம்மாவுக்கு எதற்கு? அந்த வயல்வெளியில் தன்னந்தனியாக நின்ற மனுசனுக்குப் பயப்பட நேரம் இருந்ததா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். இருந்தது என்று அடித்துச் சொன்னவள் நான்.