ஜன்னலோரக் கட்டில், அருமையான மர்மர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மைசூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். கடை மாடியில். கீழே மருந்துக்கடை, எதிரில் ஜூஸ் கடை, நாலு கட்டடம் தள்ளிப் பெரிய ஆஸ்பத்திரி. அதனால் எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள்தான். கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றாமலே மாடி ஏறி வருவார்கள். கழற்றிவிட்டால் அவர்கள் யாரென்று ஊருக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பிள்ளைகள் வகுப்பில் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தார்கள். ஒருவர் எழுதிப் போட்டால் அத்தனை பேர் பெட்டிக்கும் போய்விடும். இன்றைக்குப் பிள்ளைகள் போனில் செய்கிறதை அன்று அவர்கள் எங்கள் கடையில் நாற்காலி போட்டுச் செய்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று காசு, அதனால் ஒருவர் உட்கார, நாலு பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். காலையில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வை முடித்தவன் ஓடி வந்து, உள்ளே உட்கார்ந்திருக்கிற பேராசிரியர் என்ன கேட்டார், எதைச் சொன்னால் எரிந்து விழுகிறார் என்று எழுதிப் போடுவான். மத்தியானம் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவார்கள். நரம்புகளின் பெயரை வரிசையாக ஞாபகம் வைத்துக்கொள்ள அசட்டு வாக்கியங்கள் கட்டி அனுப்புவார்கள். சிலது படு ஆபாசம். அதற்குப் பெண் பிள்ளைகள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

எனக்கு அவர்கள்மேல் பொறாமை. நான் பி.யூ.சி.யும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பும் முடித்தவள். பிரிண்டர் என் பொறுப்பு. அது கரகரவென்று தாளைத் துப்பும், ஓரத்தில் ஓட்டை போட்ட பட்டையைக் கிழித்து எறிந்துவிட்டு, பின் அடித்துக் கொடுப்பேன். அவர்கள் படிக்கிற படிப்பு என் கை வழியாகத்தான் போகிறது என்று எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர்களில் பலரை எனக்கு அதற்கு முன்பே தெரியும். அவர்களுக்குத்தான் என்னைத் தெரியவில்லை.

முந்தின வருஷம் மைசூர் ஓரத்தில் ஹெப்பாளில் ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் அம்மாவோடு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், கௌதள்ளிப் பக்கம். அப்பா கட்டட வேலைக்கென்று எங்களை மைசூருக்குக் கூட்டி வந்தவர், பிறகு அதே வேலைக்கென்று பெங்களூர் போய், விருந்தாளி மாதிரி வந்து போகிறவராகிவிட்டார். எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. பிறகு சமதரையில் வாங்கியது. ஒரு நாள் பஸ்ஸுக்கு ஓடி, நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்.

பெண்கள் வார்டில் கட்டில் இல்லை. இரண்டு கட்டில்களுக்கு நடுவே தரையில் பாய். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது, மாத்திரை எழுதித் தருகிறோம், நாளைக்கு வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்றார் டியூட்டி டாக்டர். மத்தியானம் கண்ணாடி போட்ட ஒரு பெண், வெள்ளைக் கோட்டோடு வந்து பாயருகே மண்டியிட்டு என் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எழுந்து போய் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். அவள் இன்னும் இரண்டு பேரை. மறுநாள் யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. ஜன்னலோரத்தில் எனக்கு ஒரு கட்டில் கொடுத்தார்கள். அம்மா ஜன்னல் வழியாக மலைக்கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு பேராக, ஐந்து பேராக, சாப்பாட்டு நேரத்தில், நான் தூங்கும்போது. "எடகடெ திருகி" என்பார்கள், இடது பக்கமாகத் திரும்பிப் படுப்பேன். மூச்சை வெளியே விட்டு நிறுத்து என்பார்கள், நிறுத்துவேன். அப்படி நிறுத்தி வைப்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. ரவிக்கையின் கொக்கிகளை நானே கழற்றினேன், ஏனென்றால் அவர்கள் கழற்றினால் இன்னும் கூசியது. சத்தம் கேட்கிற இடம் இடது மார்புக்குக் கீழே. சக்கரம் வைத்த பச்சைத் துணி மறைப்பு ஒன்று வார்டில் உண்டு. நமக்கு வேண்டும்போது அது எப்போதும் வேறு யாருடைய கட்டிலிலோ இருக்கும். நான் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆம்பிளைப் பையன்கள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். வெட்கத்தில் காது சுடும்.

அம்மாவுக்கு மட்டும் எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர்களைக் கண்டதும் எழுந்து நிற்பாள்.

"வாங்க டாக்டரே, வாங்க சாமி. பாருங்க, நல்லாப் பாருங்க" என்று இரண்டு கையையும் கூப்புவாள். சொல்லிவிட்டு ப்ளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போய்விடுவாள். ஒவ்வொரு தடவையும். "இப்பத்தானம்மா வாங்கிட்டு வந்தே" என்று நான் முனகினால் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். துணைக்கு இருக்க வேண்டிய நேரம் பார்த்து இவளுக்கு வெந்நீர் கேட்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஆனால் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். பெரிய டாக்டர் இரண்டு நாளுக்கு ஒரு தரம் என் கட்டிலருகே நின்றார். பிள்ளைகளிடம் இங்கிலீஷில் கேள்வி கேட்டார். அவரே பெங்களூரில் இதய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூன் விட்டு வால்வை விரித்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் அம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

"என்ற புள்ளைய ஒரு டாக்டரா பாத்தாரு? ஒரு படையே வந்து பாத்துச்சு."

நானும் சொன்னேன். இத்தனை டாக்டர்கள் என் உயிருக்காக அலைந்தார்கள் என்று கம்பெனித் தோழிகளிடம் கதை விட்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்த வயது.

நின்று செய்கிற வேலை கூடாது என்றார்கள். அப்படித்தான் பிரவுசிங் சென்டர் கிடைத்தது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்காமல் நின்ற முதல் நாளே அந்தக் கண்ணாடிக்காரப் பெண் உள்ளே வந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து நின்று, "டாக்டர், நல்லா இருக்கீங்களா?" என்று கன்னடத்தில் கேட்டேன். அவள் என் தலைக்கு மேல் எந்தக் கம்ப்யூட்டர் காலி என்று பார்த்துக்கொண்டே, "ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுக்கணும்" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் இன்னும் டாக்டரே இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதனால் என்ன, பெரிய டாக்டர்தானே வைத்தியத்துக்காக இவர்களை அனுப்பியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பரீட்சை நெருங்கியது. ஒரு நாள் அதே பெண் குழுவில் வந்த பழைய கடிதங்களையெல்லாம் மொத்தமாக அச்சடிக்கச் சொன்னாள். பிரிண்டர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. பட்டையைக் கிழிக்கையில் 'ஜன்னலோரக் கட்டில்' என்ற இங்கிலீஷ் வார்த்தைகள் கண்ணில் பட்டன. படித்தேன்.

பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில், இருபது வயது. அருமையான மர்மர், அதாவது இதயத்துக்குள் ரத்தம் போகிற இரைச்சல். புத்தகத்தில் போட்டபடியே கேட்கிறது, விட்டுவிடாதீர்கள். இடது பக்கம் திருப்பி, மூச்சை விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். பெண் கூச்சப்படுவாள், அவளிடம் கேட்க வேண்டாம். அம்மாவிடம் கேளுங்கள். பாவம், நம்மை டாக்டர் என்று நினைத்துக்கொண்டு கும்பிடுகிறார், எதற்கும் மறுப்பதில்லை. கடைசியில் இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வளைவு. அந்தக் காலத்துச் சிரிப்பு. அதற்குக் கீழே வேறு யாரோ, கேட்டேன், பிரமாதம், நன்றி என்று எழுதியிருந்தார்கள். இன்னும் சிலரும் நன்றி சொல்லியிருந்தார்கள்.

அதையும் பின் அடித்து, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தேன். அவளும் எனக்கு நன்றி சொன்னாள். என் நெஞ்சைக் கண்டால் சட்டென்று கண்டுபிடித்திருப்பாள், முகம்தான் அவள் பாடத்தில் இல்லை.

கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ரவிக்கையை அவிழ்த்துப் படுத்திருந்ததைவிட அந்தச் சிரிப்புதான் என்னைக் கூசிப்போக வைத்தது. அதற்குக் காரணம் அம்மா. அந்தக் கும்பிடு, அந்த 'வாங்க சாமி'. இப்படியா ஒருத்தி பச்சைப் பிள்ளையாக இருப்பாள், எழுதப் படிக்கத் தெரியாவிட்டால் கண்ணும் தெரியாதா என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன். பெற்றவளை நினைத்து அப்படி வெட்கப்பட்டதற்கு அப்புறம் தனியாக வெட்கப்பட்டேன். ஆனாலும் ஒன்றை முடிவு செய்தேன். இது அம்மாவுக்கு ஒரு நாளும் தெரியக் கூடாது. அந்த வருஷத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே பெருமை அதுதான்.

பரீட்சைக்கு முன் வாரம், அம்மா கம்பெனி விட்டு நேராக என் கடைக்கு வந்தாள். கடைத்தெருவில் வேலை இருந்ததாம், சேர்ந்தே பஸ் ஏறலாம் என்றாள். தோளில் பை, பைக்குள் ப்ளாஸ்க். நான் பிழைத்து வந்த பிறகும் பச்சைத் தண்ணீரைக் குடிக்கவிட மாட்டாள். பின்னால் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றி நாலைந்து வெள்ளைக் கோட்டுகள். கண்ணாடிக்காரப் பெண் திரும்பினாள். அவள் முதலில் கண்டுகொண்டது அம்மாவை. அப்புறம் என்னைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"ஓ! ஜன்னல் பெட்!" என்றாள்.

நிஜமாகவே சந்தோஷப்பட்டாள், பொய் சொல்லக் கூடாது. "பலூன் விட்டாச்சா? இப்ப படி ஏற முடியுதா?" என்று கேட்டாள். மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"பலூனுக்கு அப்புறம் எப்படிக் கேக்கும்னு நாங்க யாருமே கேட்டதில்ல. ஒரே ஒரு நிமிஷம், பிரிண்டர் ரூம்ல..." என்றாள். என்னிடம் இல்லை, அம்மாவிடம்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினாள். பைக்குள் கையை விட்டு ப்ளாஸ்க்கை எடுத்தாள்.

"பாருங்க டாக்டரம்மா. நான் கீழ போயி சித்தே வெந்நீ வாங்கிட்டு வந்தர்றேன்."

"வேண்டாம்" என்றேன். கடை முழுக்கக் கேட்டது. முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோனது. பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே திரையின் பக்கம் திரும்பிவிட்டாள்.

வேலை முடிந்து அம்மாவோடு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். ஹெப்பாள் பஸ் ஒன்று நிரம்பி வழிந்துகொண்டு போனது. மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்ததையெல்லாம் அங்கே நின்று கொட்டிவிட்டேன்.

"அவங்க டாக்டருங்களே இல்லம்மா. படிக்கிற பிள்ளைங்க. என்னை வெச்சுப் பாடம் படிச்சிட்டுப் போயிருக்காங்க. அந்தம்மா கும்பிடும், எதுவும் சொல்லாது, போய்க் கேளுன்னு ஒருத்தருக்கொருத்தர் எழுதி வெச்சுச் சிரிச்சிருக்காங்க. நீ வாங்க சாமி, வாங்க சாமின்னு..."

அம்மா பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுங் கண்ணு" என்றாள்.

"என்ன தெரியும்?"

"படிக்கிற புள்ளைங்கன்னு. மொத நாளே வார்டு ஆயாம்மா சொல்லிருச்சு. தரையில கெடக்கறவங்கள நாளைக்கே அனுப்பிருவாங்க, படிக்கறவங்களுக்குப் புடிச்சுப்போனா கட்டில் குடுப்பாங்க, பெரிய டாக்டரு நின்னு பாப்பாரு, வந்து கேட்டா வேண்டாங்காதேன்னுச்சு. நான் வேண்டாங்கல."

நான் விடவில்லை.

"அப்ப எதுக்கு ஊரெல்லாம் டாக்டர் படைன்னு சொன்னே?"

"பின்ன என்னன்னு சொல்றது?"

அவளை ஏமாளி என்று நினைத்து வாரக்கணக்கில் வெட்கப்பட்டிருக்கிறேன். அவள் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. அவள் கையில் ப்ளாஸ்க் அப்படியே இருந்தது, பைக்குள் வைக்க மறந்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் கேட்கத் தோன்றியது.

"ஆஸ்பத்திரியில ப்ளாஸ்க் எப்பவும் நெறஞ்சுதானம்மா இருந்துச்சு?"

"ஆமா கண்ணு. வராந்தாவுல ஊத்திட்டுத்தான் வாங்கப் போவேன்."