பொசிற்றிவ் வந்த பிள்ளைத்தாய்ச்சி

கடல் வந்து போனதற்கு அடுத்த வருடம் எங்கள் தாய்சேய் கிளினிக் வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பழைய கட்டடம் சுனாமி அலையோடு போய்விட்டது. நான் அங்கே பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கும் குடும்பநல மாது, ஊருக்கெல்லாம் மிஸ்ஸி.

அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது பெண்களின் சிரிப்பு. பிள்ளைகளைப் பறிகொடுத்த பலர் அந்த வருடம் மறுபடி வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிறுவர் வாங்குப் பலகைகளில் முழங்கால் இடிக்க இருந்து மசக்கைக் கதை பேசுவார்கள். ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தால் இன்னொருத்தியின் சேலை முடிச்சில் உப்பு இருக்கும். அழுவதற்கு எவ்வளவோ இருந்தும் அந்த மண்டபத்தில் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல கிளினிக்குகளில் வேலை செய்தேன். அப்படியொரு கலகலப்பு எங்கும் கிடைக்கவில்லை.

அவர்களில் ஒருத்தி தகரக் கொட்டிலில் இருந்து வருவாள். ஒரே மகனைக் கடலுக்குக் கொடுத்தவள். புருஷன் மீன்பிடிகாரர், தோணி போனபின் சில மாதம் திருகோணமலையில் கூலிக்கு நின்றுவிட்டு வந்து, இன்னொருவர் தோணியில் போய்வந்தார். பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோருக்கும் சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்கு இரத்தம் சோதிப்பது வழக்கம். அவளுக்குப் பொசிற்றிவ் என்று வந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்கு அவளைக் கூட்டிப்போய்ச் சொன்னேன். முதல் சோதனை மட்டும்தான், பட்டணத்தில் இன்னொன்று செய்து பார்த்தால்தான் உறுதி என்றும் சொன்னேன். நான் சொன்னதில் பாதி அவள் காதில் ஏறவில்லை.

"வயித்துப் பிள்ளைக்கு ஒண்டும் ஆகாதா, மிஸ்ஸி?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் திருகோணமலையில நிண்டவர்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

அன்று பின்னேரம் புருஷன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"நான் அப்பிடி ஒரு இடத்துக்கும் போகல்ல, மிஸ்ஸி. அவளையும் நான் சந்தேகப்படல்ல. மறுகா இது எங்க இருந்து வந்த?"

பட்டணத்து டொக்டரிடமே கேட்போம் என்றேன். அடுத்த நாள் மூவருமாக மட்டக்களப்புக்கு பஸ் ஏறினோம். சித்தாண்டி, வந்தாறுமூலை எல்லாம் தாண்டும்வரை அவள் என் பக்கத்திலும் அவர் பின் இருக்கையிலும் இருந்தார்கள். இராணுவச் சோதனைச் சாவடியில் இறங்கி நடக்கும்போது மட்டும் அவர் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார்.

பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இருந்த டொக்டர் என் வயதுப் பெண். இருவரிடமும் கேட்க வேண்டியதையெல்லாம் தனித்தனியாகக் கேட்டு, அவளிடம் இரண்டாவது சோதனைக்கும், கூடவே அவரிடமும் இரத்தம் எடுத்தார். பிறகு மூவரையும் முன்னால் இருத்தினார்.

"ஒரு பேச்சுக்குச் சொல்றன். இந்த முதல் சோதனை, நோய் இல்லாத ஆயிரம் பேரில பத்துப் பேருக்குப் பிழையாப் பொசிற்றிவ் காட்டும் எண்டு வையுங்க. உங்கட கிளினிக்குக்கு வாற ஆயிரம் பேரில உண்மையா நோய் உள்ளவங்க ரெண்டு பேர்தான் எண்டா, பொசிற்றிவ் வாற பன்னிரண்டு பேரில பத்துப் பேருக்கு நோயே இல்ல."

"அப்ப இந்தச் சோதனை கூடாததா, டொக்டர்?" என்று அவர் கேட்டார்.

"சோதனை நல்லதுதான். இங்க என்னட்ட வாற ஆயிரம் பேரில இருநூறு பேருக்கு நோய் இருந்தா, அதே சோதனை பொசிற்றிவ் எண்டு சொன்னா அநேகமா உண்மைதான். பிழை விடுறது நோயில்லாத மற்ற எண்ணூறு பேரில எட்டுப் பேருக்குத்தான். நோய் குறைஞ்ச ஊரில பொசிற்றிவ் வந்தா அவசரப்பட்டு நம்பக் கூடாது. வயித்தில பிள்ளை இருந்தாலே சிலருக்கு அப்பிடிக் காட்டும்."

அவள் விரல்களை மடித்து மடித்து எண்ணிப் பார்த்தாள். "நான் அந்தப் பத்துப் பேரில ஒராளா இருக்கலாமா?"

"இருக்கலாம். உறுதியா இப்ப சொல்ல மாட்டன்."

திரும்பும்போது பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். முடிவு வரும்வரை அவர் தினமும் என் வாசலுக்கு வந்து, மீன் ஏதாவது வேணுமா என்று கேட்டுவிட்டுப் போவார். முடிவைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை.

நோய் இல்லை என்று வந்தது. புருஷனுக்கும் இல்லை. நான் கொட்டிலுக்குப் போய்ச் சொன்னபோது அவள் அடுப்படியிலேயே குந்தி அழுதாள். அவர் வெளியே போய் வலையை உதறிக்கொண்டு நின்றார். வலை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

யுத்தம் முடிந்தபிறகு அவள் மறுபடி பிள்ளைத்தாய்ச்சியாகக் கிளினிக்குக்கு வந்தாள். அப்போது எங்களுக்குப் புதுக் கட்டடம் கிடைத்திருந்தது. இரத்தம் எடுக்கக் கை நீட்டும்போதே, "இந்த முறையும் முதல் சோதனை பொசிற்றிவ் காட்டினாலும் காட்டும், மிஸ்ஸி. பட்டணத்துக்கும் சேர்த்தே எழுதி விடுங்க," என்றாள். பக்கத்தில் இருந்த சின்னப் பெட்டை பயந்து பார்த்தாள். முதல் பிள்ளைத்தாய்ச்சி.

"பயப்பிடாதகா," என்று அவளிடம் திரும்பி, டொக்டர் சொன்ன ஆயிரம் பேர் கணக்கைச் சொல்லத் தொடங்கினாள். இடையில் எண்ணிக்கை தவறியது. மறுபடி விரல் மடித்து முதலில் இருந்து தொடங்கினாள். வாங்கில் இருந்த மற்றப் பெண்களும் சேர்ந்து எண்ணினார்கள்.