முழங்காலுக்குள் கிடந்தது

மட்டக்களப்பு நகரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. போன மாதம் பனிச்சங்கேணிப் பக்கமிருந்து, இரத்தமே இல்லாததுபோல் வெளிறிய ஓர் அம்மா முழங்கால் வலியென்று வந்தார். சேலை மறைத்திருந்த காலை முந்தானையால் மீண்டும் மீண்டும் மூடிக்கொண்டார். அவருடைய இரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. பற்றரிக் கடையில் கூட்டுகிற வேலையென்று டாக்டரிடம் சொல்லியிருந்தாராம்.

படத்தில் மூட்டுக்குள் துப்பாக்கிச் சன்னத் துணுக்குகள் வெள்ளையாய்க் கிடந்தன.

“அம்மா, ஈயம் இதிலயிருந்துதான் கரையுது. டாக்டரிட்டச் சொல்லுங்க.”

“இது தெரியாம ஒரு படம் எடுக்க ஏலாதா மனே?”

“ஏன்?”

“சண்டை நேரம் சந்தைக்குப் போகக்குள்ள பட்டது. ஆரு நம்புவாங்க? எந்த இயக்கத்தில இருந்தெண்டு விசாரிக்க ஆமிக்காரன் வீட்ட வருவான். மகள்ர கலியாணம் நிண்டிரும். அதுக்குத்தான் பற்றரிக் கடையெண்டு பொய் சொன்னது.” முந்தானையை இழுத்துவிட்டார். “ஈயம் மெல்லத்தானே கொல்லும்.”

யாரிடமும் சொல்லாதே என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். படத்தை டாக்டரிடம் காட்டாமல் சுருட்டிக்கொண்டு போனவர் திரும்ப வரவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். ஏழைகளை இப்படியா வேலை வாங்குவது என்று, இல்லாத அந்தப் பற்றரிக் கடைக்காரனை நேற்றும் திட்டினார். நான் “ஓம் சேர்” என்றேன்.