சுவரைப் பார்த்து நின்றவன்

என் பெண்டாட்டி தன் போனை என்னிடம் அஞ்சு நிமிஷம் தரமாட்டாள். என் சகலையிடம் மூணு நாள் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். பன்னிரண்டு வருஷமாக என் வயிறு எரிந்தது இதனால்தான். அவன் சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தும் எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

சகலை, அவள் தங்கை புருஷன். ஒரே கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, இந்தப் பக்கம் நான் சாவி போட்டேன், அந்தப் பக்கம் அவன் போன் ரிப்பேர் பார்த்தான். நான் பூட்டுத் திறக்கப் போனால் வீட்டுக்காரர் என் கையையே முறைத்துக்கொண்டு நிற்பார். அதே ஆள் தன் படம், பேங்க், குடும்பச் சண்டை எல்லாம் அடங்கின போனை அவனிடம் நீட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்.

அவன் முதலில் சிம்மைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவான். "பேங்க் நம்பரெல்லாம் இதுலதான் வரும், உங்ககிட்டயே இருக்கட்டும்." போனைத் திறக்க ஆளையே எண்ணை அழுத்தச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பான். அந்தச் சுவரில் ஒரு காலண்டர்கூடக் கிடையாது. சீன் போடுகிறான் என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

போன வருஷம், மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்ட வேண்டிய பணம் என் கணக்கில் இருந்தது. ஒரு மத்தியானம், பேங்கிலிருந்து பேசுவதாக ஒருத்தன். சாயங்காலத்துக்குள் கார்டு முடங்கிவிடுமாம். சகலையிடம் கேட்டிருக்கலாம். நானா கேட்பேன்? சாவி வெட்டும் மிஷினுக்கு அடியில் ஆணியால் கீறி வைத்திருந்த கார்டு ரகசிய எண்ணைப் படித்துச் சொன்னேன். அடுத்து, போனுக்கு வந்த ஆறு எண்ணில் மூணு சொல்லியிருப்பேன், சகலை பலகைக்கு மேலே எட்டிப் போனைப் பிடுங்கினான்.

"யாருக்குண்ணே சொல்றீங்க?"

"பேங்க்காரனுக்குடா."

"பேங்க்காரன் இதைக் கேக்கவே மாட்டான்."

இணைப்பை வெட்டிவிட்டு, கார்டின் பின்னால் அச்சடித்திருந்த எண்ணுக்குப் பேசி கார்டை நிறுத்த வைத்தான். பணம் தப்பித்தது. அப்புறம் குனிந்து மிஷினுக்கு அடியில் பார்த்தான்.

"இந்த நம்பர் வேற எதுக்கெல்லாம்?"

"எல்லாத்துக்கும்தான்."

"வாசலுக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி போட்டு யாருக்காவது குடுத்திருக்கீங்களாண்ணே?"

என் அரத்தாலேயே அந்த எண்ணை ராவி அழித்தான். நான் புது எண் போடும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ பாத்தா என்னடா?"

"நாளைக்கு அஞ்சு ரூபா குறைஞ்சா என்னையத்தானே சொல்லுவீங்க."

சொல்லியிருப்பேன்தான்.

மகள் படிக்கிறாள். சித்தப்பா காப்பாத்தின காசு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாள். அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்தான். பார்க்கப் போனேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினான். அவன் மேஜை டிராயருக்கு நான் வெட்டிக் கொடுத்த சாவி.

"ரிப்பேருக்கு வந்த நாலு போன் உள்ள இருக்குண்ணே. குடுத்தவங்ககிட்ட சேத்துடுங்க."

"உன் பெண்டாட்டிகிட்ட குடு. நான் எதுக்கு?"

"பன்னெண்டு வருஷமா என்னையவே பாத்துட்டு இருந்தது நீங்கதானே. உங்களவிட யாருக்குத் தெரியும்?"

சாவியை வாங்கிக்கொண்டேன். மூச்சு வாங்கிவிட்டு, கடைசியாகச் சொன்னான்:

"அவங்களே நம்பர் போட்டுத் திறந்து பாத்துக்கட்டும். அதுவரைக்கும் நீங்க சுவத்தப் பாத்து நில்லுங்க."