இழுப்பு இல்லாத தெரு

புகையால் ஓர் ஊர் இழப்பது எவ்வளவு என்று ரூபாயில் சொல்வதுதான் என் வேலை. மதுரையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறேன். மருந்துச் செலவு, வேலைக்குப் போகாததால் விட்ட கூலி, ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாவற்றையும் ஒரு கணக்கு மாதிரிக்குள் போட்டால் இழப்பு வந்து நிற்கும். இந்த முறை ஆய்வு எங்கள் ஊருக்கே வந்தது. தேனியிலிருந்து உத்தமபாளையம் போகும் வழியில், செங்கல் காளவாசல்களுக்கு நேர் எதிரே எங்கள் தெரு. இழப்பு பெரிதாகத் தெரிந்தால் காளவாசல்களைத் தள்ளிவைக்க வழி பிறக்கும் என்றார்கள். எனக்கு அதில் சொந்த ஆசையும் உண்டு. என் தங்கைக்கு இழுப்பு, ஆஸ்துமா.

வீடு வீடாகக் கேட்கப் போன பெண் சலித்துப்போய் வந்தார். “சார், எல்லா வீட்லயும் யாருக்கும் ஒண்ணுமில்லைன்டே சொல்றாக. உள்ள இருந்து இருமல் கேக்குது.”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் கல்யாண வயதில் பெண் இருந்தால் இழுப்பு என்ற பேச்சே வாசலைத் தாண்டாது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து வீட்டில்தான் முதலில் விசாரிப்பார்கள். ஆகவே தெருவே ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக ஆரோக்கியமாக இருந்தது.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சண்டை போட்டேன். பேர் வெளியே வராது, வெறும் எண்தான் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

“எண்ணாமுல்ல எண்ணு! எழுதிட்டுப் போற புள்ள பஸ் ஸ்டாண்டுல நாலு பேருட்டப் பேசாதா? அப்பறம் இவள யாரு கட்டுவாக?”

“காளவாசல் போனா அவளுக்கு மூச்சாவது நல்லா வரும்லம்மா.”

“மூச்சு வந்து? காலம் பூரா இங்கனயே உக்காந்திருக்கவா?”

ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மேலதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தரவாகிவிடாது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கணக்கு மாதிரியை ஓட்டி முடித்தபோது, காளவாசலை விட்டு எட்ட இருந்த தெருக்களை விட எங்கள் தெரு சுகமாக இருந்தது. காளவாசல்கள் இருந்த இடத்திலேயே புகைந்தன.

மார்கழி கழிந்து தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். பனியில் புகை மேலே ஏறாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. உள் அறையில் தங்கை இன்ஹேலரை இழுத்துவிட்டு, தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள். அம்மா அந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மாப்பிள்ளையின் தாயார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்தார். “என்னத்தா, இம்புட்டுப் புகையா இருக்கு! இங்கன இருக்கவுகளுக்கு ஒண்ணும் செய்யாதா?”

அம்மா சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினாள். “எம் மகன் அதத்தான் ஆராய்ச்சி பண்றான். அவனையே கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னால் தங்கை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

“எங்க ஆய்வுல இந்தத் தெருவுல யாருக்கும் ஒண்ணும் இல்லைன்டுதாங்க வந்திருக்கு” என்றேன்.