துணி வெட்டும் கத்தரி

விமானப்படையின் விசாரணை அறிக்கை அவளை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: ‘சம்பவத்துடன் தொடர்பில்லாத பெண்மணி, ஓடுபாதை வேலிக்கு வெளியே வசிப்பவர்.’ வசிப்பவர் என்பது சரி. மற்றதை அவளே ஒப்புக்கொள்ளமாட்டாள்.

வேலிக்கு வெளியே, ஒரு கீரைத் தோட்டத்துக்கு இந்தப் பக்கம், அவளுடைய தையல்கடை. தெருவில் அவளுக்குப் பெயர் கத்தரி. கைக்காக வைத்ததா நாக்குக்காக வைத்ததா என்பது வைத்தவர்களுக்கே மறந்துபோயிற்று. மரியாதையாகக் கத்தரியக்கா என்பவர்களும் உண்டு. அவசரத்தில் அது கத்தரிக்காய் ஆகிவிட்டால் அன்றைக்குச் சட்டை கிடைக்காது.

அவள் யாருக்கும் தராத பொருள், துணி வெட்டும் பெரிய கத்தரி. காகிதம் வெட்டக் கேட்டாலே முகம் மாறும். அவள் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், ஒருமுறை அதை வைத்துப் பால் பாக்கெட்டை வெட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சே இல்லை. அவ்வளவு நிம்மதியாக அதற்குமுன் இருந்ததில்லை என்பார்.

தாராளமாகத் தந்தது சாபம். கூரைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் மெஷின் அதிரும், தையல் கோணும். “விழுந்து தொலையேன்!” என்பாள். இருபது வருஷமாக எதுவும் விழவில்லை. அந்த தைரியத்தில்தான் அவ்வளவு தாராளம்.

அன்று மத்தியானம் மழை எதிர்வீட்டையே மறைத்துக்கொண்டு பெய்தது. மேலே இரைச்சல் வழக்கத்தைவிடத் தாழ்வாக வந்தது. அவளும் வழக்கம்போல் சொன்னாள். வாய் மூடுவதற்குள் தரை அதிர்ந்தது.

ஓடுபாதையை எட்டாமல், சின்ன ராணுவ விமானம் ஒன்று கீரைப் பாத்தியில் தலைகுப்புறக் கவிழ்ந்து கிடந்தது. தீயணைப்பு வண்டி வேலிக்கு உள்ளே நின்று ஊளையிட்டது. வெளியே வர வாசல் அந்தக் கோடியில். கையிலிருந்த கத்தரியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் ஓடினாள். பின்னால் புருஷன்.

உடைந்த கண்ணாடிக்குள் இரண்டு பேர் இருக்கை வாரில் தலைகீழாகத் தொங்கினார்கள். ஒருவர் மட்டும் பேசினார்.

“அம்மா... பெல்ட்டு கழல மாட்டேங்குது.”

“கைய எடு தம்பி. நான் பாத்துக்கறேன்.”

“பெட்ரோல் வாடை அடிக்குதுடி, வெளிய வா!” என்று கத்தினார் புருஷன்.

“அடிக்கட்டும். நீங்க தம்பி தோளைப் பிடிங்க, அறுத்ததும் தலை இடிச்சுக்கும். பின்னாடி வர்ற வண்டில ஏறிக்கச் சொல்றதுக்கு இது என்ன உங்க பஸ்ஸா?”

அவர் பிடித்தார். நனைந்த வார் துணியைப் போல வழிவிடவில்லை. கத்தரி அதை மென்று மென்றுதான் அறுத்தது. கடைசி வார் விட்டதும் அந்தத் தம்பி மொத்தமாகப் புருஷனின் கையில் வந்து விழுந்தார். இழுத்துக்கொண்டுபோய் வரப்பில் கிடத்திவிட்டு அவர் திரும்பி வந்தபோது, அவள் இன்னும் உள்ளேயே இருந்தாள்.

“மத்தவரு போயிட்டாரு. வந்துடு.”

“தெரியுது. அதுக்காகத் தலைகீழாவா தொங்குவாரு?”

புருஷன் குனிந்து உள்ளே வந்து, இறந்தவரின் தோள்களைப் பிடித்துக்கொண்டார்.

விசாரணை அதிகாரி கடைக்கே வந்தார். அவர் உட்காருமுன் அவள் ஆரம்பித்தாள்.

“சார், மொதல்ல ஒண்ணு எழுதிக்குங்க. விழுந்து தொலைன்னு சொன்னது நான்தான்.”

“எப்ப?”

“அன்னிக்கு. அதுக்கு முன்னாடி இருபது வருஷமா.”

“இருபது வருஷமா பத்திரமாத்தானே இறங்கினோம்? மேகம் தாழ்ந்து கிடந்துச்சு, பாதை தெரியல. அவ்வளவுதான். உங்களுக்கும் இதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லம்மா.”

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதையே எழுதியும் வைத்துவிட்டார்.

கத்தரியின் முனை மழுங்கி, வாய் பல்பல்லாகிவிட்டது. சாணை பிடிப்பவர் கைவிரித்துவிட்டார். இப்போது அது மேசைமேல் சும்மா கிடக்கிறது. காகிதமோ பால் பாக்கெட்டோ, யார் வேண்டுமானாலும் எடுத்து வெட்டலாம். கூரைமேல் இரைச்சல் கேட்டால் அவள் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுகிறாள். சக்கரம் தரையைத் தொடும் சத்தம் வரும்வரை வாயைத் திறப்பதில்லை.

இறந்தவரை மீட்டது மீட்புக் குழு என்கிறது அறிக்கை. தோட்டத்திலிருந்து தூக்கிச் சென்றது அவர்கள்தான். அந்த விமானத்தில் வந்த இரண்டு பேரையும் தரையில் இறக்கியவள் அவள்.